இரண்டாம் சுற்றுக்குப் போங்கள்: ஆஸ்திரேலிய ஓப்பனைச் சுற்றி ஒரு மெல்போர்ன் பயணம்

மெல்போர்னுக்கு டென்னிஸ் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது இறுதிப் போட்டி டிக்கெட்டைத்தான். அது எட்டாவிட்டால் அரையிறுதி, அதுவும் கைமீறினால் காலிறுதி என்று ஒவ்வொரு படியாக இறங்கி வருவார்கள். முதல் வாரத்து ஆட்டங்கள் அவர்கள் கணக்கில் வேறு வழியில்லாதவர்களுக்கான மிச்சம். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு தடவை, ஏழெட்டு நாள் விடுப்பில், அளவான பணத்தோடு போகிறவருக்கு ஆஸ்திரேலிய ஓப்பனின் மிகச் சிறந்த நாட்கள் இரண்டாம் சுற்று நடக்கும் முதல் வாரத்துப் புதனும் வியாழனும்தான். விமானம், விடுதி, ஊர் சுற்றல் எல்லாவற்றையும் அந்த இரண்டு நாட்களைச் சுற்றியே அடுக்க வேண்டும். ஏன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, மறுப்புகளும் இருக்கின்றன. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் எளிய கணக்கு. ஒற்றையர் பிரிவில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். தோற்றவர் வெளியேறும் போட்டி என்பதால் ஒரு சாம்பியனைக் கண்டெடுக்க 127 ஆட்டங்கள் வேண்டும். முதல் சுற்றில் 64, இரண்டாம் சுற்றில் 32, மூன்றாம் சுற்றில் 16. ஆக, மூன்று சுற்று முடிந்தபோது 112 ஆட்டங்கள் தீர்ந்துவிடுகின்றன. 2024 முதல் போட்டி ஞாயிற்றுக்கிழமையே தொடங்கி 15 நாள் நடக்கிறது. முதல் ஏழு நாட்களில், அதாவது ஞாயிறு முதல் சனி வரை, இரு பிரிவிலுமாக 224 ஒற்றையர் ஆட்டங்கள் முடிந்துவிடும். மிஞ்சிய எட்டு நாட்களுக்கும் சேர்த்து வெறும் 30. கடைசி ஞாயிறன்று ஒற்றையரில் ஒரே ஓர் ஆட்டம். இறுதிப் போட்டிக்குக் கொடுக்கும் விலை அந்த ஓர் ஆட்டத்துக்கானது. அது ஒரு மணி நேரத்தில் ஒருதலையாக முடிந்தாலும் பணம் திரும்பாது.

எண்ணிக்கை அதிகம், தரம் குறைவு என்பது உடனே எழும் மறுப்பு. முதல் சுற்றைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. முன்னணி வீரர் ஒருவர் நூற்றுக்கு அப்பால் தரவரிசையில் இருப்பவரை மூன்று செட்டில் ஊதித் தள்ளுவது அங்கே சாதாரணம். இரண்டாம் சுற்றில் நிலைமை மாறுகிறது. பாதிப் பேர் கழிந்துவிட்டார்கள். எஞ்சியவர்கள் அந்த ஆடுகளத்தில், அந்த வெயிலில் ஏற்கெனவே ஓர் ஆட்டம் வென்றவர்கள். தரநிலை பெற்ற 32 பேரும் மூன்றாம் சுற்று வரை ஒருவரையொருவர் சந்திக்காதபடிதான் அட்டவணை போடப்படுகிறது. ஆனால் தரவரிசையில் 28-ஆவது இடத்தில் இருப்பவருக்கும் 45-ஆவது இடத்தில் இருப்பவருக்கும் ஆட்டத்தில் பெரிய இடைவெளி கிடையாது. அவர்கள் மோதும்போது ஐந்து செட் போவதற்கான வாய்ப்பு, முதல் இடத்துக்காரர் ஆடும் பெரிய அரங்கத்தை விட அதிகம். பெருந்தலைகள் உருள்வதும் இந்தச் சுற்றில் நடக்கும். 2017-இல் நடப்புச் சாம்பியனாக வந்த ஜோகோவிச்சை உஸ்பெகிஸ்தானின் டெனிஸ் இஸ்டோமின் வீழ்த்தியது இரண்டாம் சுற்றில். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று 1989-இலேயே இருக்கிறது. நடப்புச் சாம்பியனும் அப்போதைய உலகின் முதல்நிலை வீரருமான மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் தோற்கடித்தார் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். அதுவும் இரண்டாம் சுற்று. அதன் பிறகு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இன்னோர் இந்திய ஆண் வெல்ல 35 ஆண்டுகள் ஆயின. 2024-இல் சுமித் நாகல் அலெக்சாண்டர் பூப்ளிக்கை வென்றார். அந்த ஆட்டம் முதல் சுற்று. இறுதிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர்கள் இவற்றில் எதையும் நேரில் பார்த்திருக்க முடியாது.

புதன், வியாழன் என்று குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் போட்டியின் கட்டமைப்பு. முதல் சுற்று ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று நாட்களில் சிதறிக் கிடக்கிறது. யார் எந்த நாளில் ஆடுவார் என்பது கடைசி நேரம் வரை தெரியாது. இரண்டாம் சுற்று இரண்டே நாளில் முடிகிறது. அட்டவணையின் ஒரு பாதி புதனன்று, மறுபாதி வியாழனன்று. எனவே அடுத்தடுத்த அந்த இரண்டு நாட்களும் உள்ளே இருப்பவருக்கு, களத்தில் மிஞ்சியிருக்கும் 64 ஆண்கள், 64 பெண்கள் அத்தனை பேரும் ஏதாவது ஒரு நாளில் கிடைத்துவிடுவார்கள். இரட்டையர் ஆட்டங்களும் அந்த நாட்களுக்குள் சூடுபிடித்திருக்கும். டிக்கெட் விற்பனை வழக்கமாக முந்தைய அக்டோபரில் தொடங்குகிறது. யார் யாரோடு மோதுவார் என்ற டிரா வெளியாவதோ போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமை. எந்த ஆடுகளத்தில் எந்த ஆட்டம் என்பது முந்தின நாள்தான் தெரியும். ஆக, மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு குறிப்பிட்ட வீரரை நம்பித் தேதி குறிப்பது வெறும் சூதாட்டம். அவர் காயத்தால் விலகலாம், தோற்றிருக்கலாம், மறுநாள் ஆடலாம். இரண்டாம் சுற்றின் இரண்டு நாட்களையும் எடுத்துக்கொண்டால் அந்தச் சூதாட்டத்தில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

இந்த இரண்டு நாட்களுக்கும் வாங்க வேண்டியது கிரவுண்ட் பாஸ். பெரிய அரங்கங்களின் எண்ணிட்ட இருக்கைகளை விட்டுவிட்டு, மெல்போர்ன் பார்க் வளாகத்தின் வெளி ஆடுகளங்கள் எல்லாவற்றிலும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் அனுமதி அது. மார்கழி சீசனின் மதியக் கச்சேரிகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை: நாளைய பெரிய பெயர்கள் இன்று எட்டடி தூரத்தில். வீரரின் மூச்சிரைப்பும், பந்து மட்டையில் படும் ஓசையும், பயிற்சியாளர் பக்கம் திரும்பி முணுமுணுப்பதும் தொலைக்காட்சியில் வராது. 15,000 பேர் அமரும் ராட் லேவர் அரங்கத்தின் மேல் வரிசையிலும் வராது. நுங்கம்பாக்கம் அரங்கில் சென்னை ஓப்பன் பார்த்தவர்களுக்கு இந்த நெருக்கம் பழகியதுதான். 2014 ஜனவரியில் அங்கே கோப்பை வாங்கிய வாவ்ரின்கா அதே மாதம் மெல்போர்னில் தன் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை வென்றார். இந்திய ரசிகருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் ஆடுவது இரட்டையர்; ஆரம்பச் சுற்று இரட்டையர் ஆட்டங்களில் அநேகமாக எல்லாமே வெளி ஆடுகளங்களில்தான் நடக்கும். ரோகன் போபண்ணா 43 வயதில் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து 2024-இல் பட்டம் வென்ற பயணம் தொடங்கியதும் அந்த முதல் வாரத்தில்தான். முன்னணி நட்சத்திரங்கள் ஆட்டமில்லாத நாளில் பயிற்சி செய்வதையும் கிரவுண்ட் பாஸ் உள்ளவர்கள் நின்று பார்க்கலாம்.

"அவ்வளவு தூரம் போய்விட்டுப் பெரிய அரங்கத்துக்குள் கால் வைக்காமல் வருவதா?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஓர் இரவு ஆட்ட டிக்கெட் போதும். அதையும் முதல் வாரத்துத் திங்கள் அல்லது செவ்வாய் இரவுக்கு எடுங்கள். அந்தக் கட்டத்தில் முன்னணியினர் அநேகமாக எல்லாரும் போட்டியில் இருப்பார்கள். ராட் லேவர் அரங்கின் இரவு ஆட்டத்தில் அவர்களில் யாராவது கண்டிப்பாக இறங்குவார். விலையும் இரண்டாம் வாரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ குறைவு. இதில் நம் ஊர்க்காரருக்கு இயற்கையே ஒரு சலுகை தருகிறது. ஜனவரியில் மெல்போர்ன் நேரம் இந்திய, இலங்கை நேரத்தை விட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் சென்னையில் மாலை ஆறரை. வந்து இறங்கிய முதல் சில நாட்களில் உடம்பு சென்னை நேரத்திலேயே இருக்கும். இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தைக் கொட்டாவி விடாமல் பார்க்கலாம். மாறாகக் காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பது என்றால் அது நம் உடம்புக்கு விடியற்காலை நாலரை. ஆகவே இரவு ஆட்டம் முதலில், பகல் ஆட்டம் ஓரிரு நாள் கழித்து. பயணத் திட்டங்களில் பலர் இதை நேரெதிராகச் செய்து, வாங்கிய பகல் டிக்கெட்டின் முதல் இரண்டு மணி நேரத்தை விடுதிப் படுக்கையில் செலவழிக்கிறார்கள்.

இனி, இந்தத் திட்டத்துக்கு எதிரான மிக வலுவான வாதம்: வெயில். ஜனவரி அங்கே நடுக்கோடை. சென்னை வெயிலைப் பார்த்தவனுக்கு மெல்போர்ன் என்ன செய்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் 2014-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு போட்டியின் முதல் வாரத்தில் தொடர்ந்து நான்கு நாட்கள் 41 டிகிரியைத் தாண்டின. ஆடுகளத்திலேயே வீரர்கள் மயங்கினார்கள். 2019 முதல் ஒன்று முதல் ஐந்து வரையிலான வெப்ப அளவுகோல் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. காற்றின் வெப்பம், வெயிலின் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்று வேகம் நான்கையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அளவு ஐந்தைத் தொட்டால் வெளி ஆடுகளங்களில் ஆட்டம் நிறுத்தப்படும். கூரையுள்ள அரங்கங்களில் கூரையை மூடித் தொடர்வார்கள். அதாவது அந்த நாளில் கிரவுண்ட் பாஸ் வைத்திருப்பவர்தான் அதிகம் இழப்பார். மழைக்கும் இதே கதை. இதை மறைத்துவிட்டு யோசனை சொல்வது சரியாகாது.

ஆனாலும் கிரவுண்ட் பாஸே மேல் என்று சொல்லக் காரணம், அந்த இழப்பைத் தாங்கும் வழி இருப்பதுதான். வளாகத்தில் ராட் லேவர், மார்கரெட் கோர்ட், ஜான் கெய்ன் என மூன்று அரங்கங்களுக்குத் திறந்து மூடும் கூரை உண்டு. பத்தாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய ஜான் கெய்ன் அரங்கின் எண்ணிடாத இருக்கைகளுக்குக் கிரவுண்ட் பாஸ்காரர்களை அனுமதிப்பது பல ஆண்டு வழக்கம். நீங்கள் போகும் ஆண்டின் விதியை வாங்குமுன் படித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மெல்போர்ன் வெயில் நிலைத்து நிற்பதில்லை. உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து வரும் வடக்குக் காற்று நகரத்தைச் சுட்டெடுக்கும். பிறகு தென்கடலிலிருந்து காற்று திரும்பினால் சில மணி நேரத்தில் 15 டிகிரி சரிந்துவிடும். இரவு எட்டரை தாண்டித்தான் சூரியன் மறைகிறது என்பதால் மதியம் ஒதுங்கியிருந்தாலும் மாலையில் நிறைய டென்னிஸ் மீதி இருக்கும். ஆகவே காலை முதல் ஆட்டம், மதியம் ஒன்று முதல் நாலு வரை நிழல் அல்லது கூரை, நாலரைக்குமேல் மீண்டும் வெளி ஆடுகளம் என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். அகன்ற தொப்பி, நிரப்பிக் குடிக்கத் தண்ணீர்ப் புட்டி, முழுக்கைப் பருத்திச் சட்டை, சன்ஸ்கிரீன். கடைசியாகச் சொன்னதை நம் ஆட்கள் அலட்சியம் செய்வார்கள். அங்கே புற ஊதாக் கதிரின் கடுமை வெப்பத்தைப் பொறுத்ததல்ல. 24 டிகிரி குளுகுளு நாளிலும் தோல் வெந்துவிடும். இரண்டு நாட்களுக்கு மேல் இன்னொரு கிரவுண்ட் பாஸ் வேண்டுமென்றால் அதை முன்கூட்டி வாங்காமல், ஊர் போய்ச் சேர்ந்தபின் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, ஒரு வார நாளுக்கு வாங்குங்கள்.

கூட்டம் என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், 2025-இல் மொத்தப் பார்வையாளர் எண்ணிக்கை 12 லட்சத்தைத் தாண்டியது. தொடக்க ஞாயிறும் முதல் சனியும் திருவிழா நெரிசல். டென்னிஸை விட உணவுக்கும் இசைக்கும் வருகிறவர்கள் அதிகம். புதன், வியாழனில் அலுவலகம் போகிற உள்ளூர்க்காரர்கள் மாலையில்தான் வருவார்கள். காலையில் வாசல் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, முந்தின நாள் அட்டவணையில் குறித்துவைத்த ஆடுகளத்தில் நிழல் விழும் பக்கமாக உட்கார்ந்துவிட்டால் மதியம் வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். 2024 முதல் ஒவ்வொரு கேம் முடிந்ததும் பார்வையாளர்கள் உள்ளே வரவும் வெளியேறவும் அனுமதி உண்டு. ஆடுகளம் விட்டு ஆடுகளம் தாவுவது இதனால் எளிதாகியிருக்கிறது. ஆனால் தாவிக்கொண்டே இருப்பவர் ஒரு நல்ல ஆட்டத்தையும் முழுதாகப் பார்க்க மாட்டார்.

தங்குமிடத்தைத் தீர்மானிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நள்ளிரவு தாண்டி நடந்தே திரும்ப முடியுமா? 2023-இல் ஆண்டி மரே, தனாசி கொக்கினாக்கிஸ் ஆட்டம் ஐந்தேமுக்கால் மணி நேரம் நீண்டு அதிகாலை 4.05-க்கு முடிந்தது, 2008-இல் ஹியூவிட், பக்தாடிஸ் ஆட்டம் 4.34 வரை போனது. இப்படி இழுப்பதைக் குறைக்கத்தான் 2024-இல் பெரிய அரங்கங்களின் பகல் ஆட்டங்களைக் குறைத்தார்கள். என்றாலும் இரவு ஒரு மணி அங்கே அபூர்வமல்ல. வாரநாள் இரவில் ரயில்களும் டிராம்களும் விடிய விடிய ஓடாது. நகர மையத்தில், பிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் தங்கினால், யாரா ஆற்றங்கரைப் பூங்கா வழியாகச் சுமார் இருபது நிமிட நடையில் வளாகம். ரிச்மண்டும் கிழக்கு மெல்போர்னும் அதே அளவு நெருக்கம். ஐம்பது டாலர் மிச்சம் என்று முப்பது கிலோமீட்டர் தள்ளிப் புறநகரில் அறை எடுத்தால் அந்த மிச்சம் ஒரே இரவு டாக்ஸியில் கரைந்துவிடும். நகர மையத்துக்குள் டிராம் இலவசம். அதைத் தாண்டினால் மைக்கி என்ற பயண அட்டை வேண்டும். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது; அங்கிருந்து நகரத்தின் சதர்ன் கிராஸ் நிலையத்துக்கு ஸ்கைபஸ் என்ற பேருந்து ஓடுகிறது.

ஊர் பார்ப்பதை டென்னிஸ் நாட்களுக்கு நடுவே செருகாதீர்கள். வெள்ளி அல்லது சனியன்று போய் இறங்கினால் புதனுக்கு முன் நாலைந்து நாள் கையில் இருக்கும். பெரும் கடற்கரைச் சாலையில் பன்னிரு திருத்தூதர் பாறைகள் வரை போய்வரப் பேருந்தில் முழுநாள், ஏறக்குறைய 12 மணி நேரம். பிலிப் தீவில் பெங்குவின்கள் கரையேறுவது இருட்டிய பிறகு என்பதால் திரும்ப நள்ளிரவு ஆகும். இரண்டையும் ஆட்ட நாளுக்கு முந்தின இரவில் வைத்தால் மறுநாள் கெடும். ஞாயிறிலோ வெள்ளியிலோ வையுங்கள். 1878-இலிருந்து நடக்கும் குவீன் விக்டோரியா சந்தைக்குத் திங்களும் புதனும் விடுமுறை. புதன் நீங்கள் ஆடுகளத்தில் இருப்பீர்கள், ஞாயிறு காலை சந்தைக்கு ஏற்றது. 1877-இல் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்த மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் டென்னிஸ் வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே விளையாட்டு அருங்காட்சியகமும் உண்டு. வெயில் 40-ஐத் தொடும் நாளுக்கென இரண்டு இடங்களை ஒதுக்கி வையுங்கள்: செயின்ட் கில்டா சாலையில் விக்டோரியா தேசிய ஓவியக்கூடம், சுவான்ஸ்டன் தெருவில் மாநில நூலகம். இரண்டிலும் பொது நுழைவு இலவசம், குளிரூட்டப்பட்டவை. 1913-இல் திறந்த நூலகக் குவிமாட வாசிப்பறைக்குள் உட்கார மட்டுமேகூட ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

இரண்டாம் வாரத்தை முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை. மெல்போர்னில் உறவினர் வீடு இருந்து, ஒரு மாதம் தங்க முடிகிறவர்களுக்கு இரண்டு வாரமும் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை முதல் வாரம் பார்த்தவர் அடுத்த முறை காலிறுதிக்குப் போகலாம். முதல் தடவை, குறைந்த நாள் என்கிற பயணிக்கு அது சரிப்படாது. ஜனவரி 26 ஆஸ்திரேலிய தினப் பொது விடுமுறை பெரும்பாலும் போட்டியின் கடைசி நாட்களில் வந்து விழுவதால் அறை கிடைப்பதும் கடினமாகும்.

வேலைகளின் வரிசை இது. அடுத்த ஆண்டுப் போட்டித் தேதி அறிவித்ததும் முதல் வாரத்துப் புதன், வியாழனைக் குறித்துக்கொண்டு விடுப்புக்கு எழுதுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பார்வையாளர் விசாவுக்கு இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு இறுதி நெரிசலுக்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. அக்டோபரில் இரண்டு கிரவுண்ட் பாஸும் ஓர் இரவு ஆட்டமும் வாங்குங்கள். அறையைக் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் அல்லது கொழும்பு வழியாக மாறிப் போவதே வழக்கம். கொழும்பிலிருந்து நேரடி விமானம் உண்டு. விமானத்தில் தரும் வருகை அட்டையில் உணவுப் பொருள் பற்றிய கேள்விக்குப் பொடியோ ஊறுகாயோ எது கையில் இருந்தாலும் 'ஆம்' என்றே குறியுங்கள். அறிவித்த பொருள் அதிகபட்சம் குப்பைக்குப் போகும். மறைத்தது பிடிபட்டால் அபராதம் ஒரு நல்ல அரங்க டிக்கெட்டின் விலையைத் தாண்டும்.